முன்சக்கரத்தில் காற்று நிற்கவில்லை

என் வீட்டுக்காரர் அருள்பாண்டி அதிகம் பேச மாட்டார். அதிகம் பேச மாட்டார் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். கல்யாணமான புதிதில் இவருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று பயந்துபோய் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா நேரே போய் என் மாமியாரிடம் விசாரித்துவிட்டார். "அவன் எங்ககிட்டயும் அப்படித்தான்" என்று மாமியார் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. காலையில் "போயிட்டு வாரேன்", சாயங்காலம் "சாப்ட்டியா", நடுவில் நிறைய "ம்". இதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, சென்னையில் வேலைக்கும் அனுப்பிவிட்டோம்.

மகள் அஸ்வினி இருந்தவரை எனக்குப் பேச்சுத்துணை இருந்தது. அவள் போன பிறகு வில்லாபுரம் வீட்டில் என் தையல் மிஷின் சத்தமும் டிவி சத்தமும் மட்டும்தான். நான் ஜாக்கெட் தைக்கிறவள். அளவு கொடுக்க வருகிற பெண்களோடு பகல் முழுக்கப் பேசலாம். ஆனால் தெருவே கூடிப் பேசினாலும் வீட்டுக்காரர் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிற மாதிரி ஆகாது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் "ம்" என்பார்.

கல் நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆயுத பூஜைக்கு என் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பொட்டு வைப்பது அவர்தான். அதையும் தலைகீழாகத்தான் வைப்பார். ஊரில் எல்லோரும் சந்தனத்தை வைத்து அதன் மேல் குங்குமம் வைப்பார்கள். இவர் முதலில் குங்குமத்தை அப்பிவிட்டு அதன் மேல் சந்தனத்தை வைப்பார். குங்குமம் இருக்கிற இடமே தெரியாது. ஒவ்வொரு வருஷமும் நான் கத்துவேன். "ம்" என்பார். அடுத்த வருஷமும் குங்குமம்தான் முதலில்.

கப்பலூர் பக்கம் ஒரு மில்லில் இவர் ஸ்டோர் கீப்பர். கூட வேலை பார்த்த துளசிராம் பெங்களூருக்குப் போகும்போது தன்னுடைய மலைச் சைக்கிளை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். தடித்தடியாக டயர், முன்னால் ஸ்பிரிங், ஏகப்பட்ட கியர். இந்த வயதில் இது என்ன கூத்து என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் நாள் விடியக் கிளம்பி அவனியாபுரம், வெள்ளக்கல் தாண்டி, கண்மாய்க் கரை மண்பாதையிலேயே நிலையூர்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கை கால் கழுவிவிட்டு இட்லி முன்னால் உட்கார்ந்தார். அப்புறம் யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார்.

"ஈஸ்வரி, நெலையூர் கண்மாயில தண்ணி கெடக்கு. கூழக்கடாப் பறவ வந்திருக்கு. எம்புட்டுப் பெரிய வாயி தெரியுமா அதுக்கு."

சட்னிக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் அதற்கு முந்தைய மாதம் முழுக்கப் பேசியதைவிட அதிகம் வரும். மறுநாளும் பேசினார். வாத்து மேய்க்கிற ஒரு ஆள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவதைச் சொன்னார். கரையில் ஒரு கோயில் கிடா நட்டநடுப் பாதையில் படுத்துக்கொண்டு யாருக்கும் வழிவிடுவதில்லையாம். இவர் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக வேண்டுமாம். "அது மூஞ்சியப் பாத்தா உன் தம்பி மாதிரியே இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் கேலி பேசுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலை இட்லி நேரத்துக்காக நான் முந்தின நாளே காத்திருக்க ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் புதுசாக ஒரு கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.

இதைக் கெடுக்க வந்தது சீமைக்கருவேல முள். எங்கள் பக்கம் கண்மாய்க் கரை என்றாலே கருவேலங்காடுதான். முள் ஒவ்வொன்றும் கோணி ஊசி நீளம். வாரம் தவறாமல் பஞ்சர். டியூப்பை மாற்றுவார், ஒட்டுப் போடுவார், மறுபடியும் குத்தும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேருவார். தள்ளிக்கொண்டு வருகிற நாளில் பேச்சும் இருக்காது. வாயிலும் முள் குத்திவிட்ட மாதிரி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்தக்காரர்கள் காதுகுத்துப் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். என் தம்பி அழகுபாண்டியும் வழக்கம்போல ஆட்டுக்கறியோடு வந்திருந்தான். காளவாசல் பைபாஸில் லாரி, கார் டயருக்குக் காற்றடித்துப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறவன். வாய்க்குப் பூட்டே கிடையாது. சமையல் முடிந்து எல்லோரும் இவருக்காகக் காத்திருந்தபோது, வெயிலில் வேர்த்து வடிந்து, காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இவர் தெருமுனையில் வந்தார்.

"மாமா, நீங்க சைக்கிள ஓட்டுறீகளா, இல்ல மேய்க்கிறீகளா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தான் தம்பி. "இதுக்கு ஒரு எருமைய வாங்கியிருந்தா தள்ளிக்கிட்டு வந்தாலும் பாலாச்சும் கெடைக்கும்."

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் தம்பியை முறைத்தேன். இவர் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினார். முகத்தைத் துடைத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கெழம இத யார்கிட்டயாச்சும் குடுத்துருவேன், மாப்ள."

மற்றவர்கள் சொன்னால் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். இந்த மனுஷன் பேசுவதே நாலு வார்த்தை, அதனால் அந்த நாலையும் காப்பாற்றியே தீருவார். எப்போதோ ஒரு நாள் காபியில் சர்க்கரை பற்றவில்லை என்றார். நான் ஏதோ எரிச்சலில் பதில் சொன்னேன். "இனிமே காபி வேணாம்" என்றார். அன்றோடு சரி, இன்றுவரை டீதான். சாயங்காலமே துளசிராமுக்கு போன் போட்டுவிட்டார். துளசிராமின் அக்கா மகன் விஜய்ஆனந்த் ஆனையூரில் இருக்கிறானாம். அவனுக்கு வெகுநாளாக இந்தச் சைக்கிள் மேல் ஒரு கண்ணாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன் என்றானாம்.

திங்கட்கிழமை இட்லி சாப்பிட்டோம். "ம்" கூட வரவில்லை. மாடிப்படிக்கு அடியில் நின்ற சைக்கிளை என் பழைய சுங்குடிச் சேலையால் மூடி வைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

அவர் மில்லுக்குப் போனதும் அஸ்வினிக்கு போன் போட்டு ஒப்பாரி வைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா, டியூப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே பஞ்சராகும். டியூப்பையே எடுத்துருவோம்."

"டியூப்பு இல்லாம காத்து எங்கடி நிக்கும்?"

"டயருக்குள்ளயே நிக்கும். கார்ல நிக்கலயா? ரிம்முல இருக்குற ஓட்டையெல்லாம் மறைக்கிற மாதிரி சுத்தி ஒரு டேப் ஒட்டணும். உள்ள பால் மாதிரி ஒரு மருந்து ஊத்தணும், சீலண்ட்டுன்னு பேரு. முள்ளு குத்துனா அதுவே ஓடிப்போயி அந்த ஓட்டைய அடச்சிக்கிரும்."

"அந்த மருந்தத்தான் உங்கப்பா வாயில ஊத்தி அனுப்பிட்டாக போல" என்றேன். போனில் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

சைக்கிள் டயரையும் ரிம்மையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். இரண்டும் அதற்கு ஏற்றவைதான் என்று பார்த்துவிட்டு, வேண்டியதை எல்லாம் பார்சலில் வரவழைத்தாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். சொன்னால் "வேணாம்" என்பார். அப்புறம் அந்த "வேணாம்" ஒரு வாக்காகி, அதையும் காப்பாற்ற ஆரம்பித்துவிடுவார். முள் குத்தினாலும் காற்றுப் போகாது என்று ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்தால் மனசு மாறாதா என்ற நப்பாசைதான் எனக்கு.

வியாழக்கிழமை அவர் கிளம்பியதும் வேலையில் இறங்கினேன். இரண்டு சக்கரத்தையும் கழற்றி மாடி ரூமுக்குக் கொண்டுபோனேன். சக்கரம் இல்லாமல் சைக்கிள் குட்டையாக நின்றது தெரியாமல் இருக்கச் சேலையைத் தரைவரை இழுத்து விட்டேன். டயரைப் பிரித்து உள்ளே தடவினால் உடைந்த முள் முனைகள் கையைக் குத்தின. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி ரிம்மைத் துடைத்தேன். தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ துளி இருந்தாலும் டேப் பிடிக்காது என்று அஸ்வினி பலதடவை சொல்லியிருந்தாள்.

டேப் ஒட்டுவது கஷ்டம், எல்லோரும் முதல் தடவை சொதப்புவார்கள் என்றும் சொல்லியிருந்தாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வைத்துத் தைக்கிறவளுக்கு இது ஒரு வேலையா? ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குமிழ் இல்லை. சுற்றி முடித்த இடத்தில் டேப்பின் நுனியை ஆரம்பத்தின் மேல் ஏற்றி ஒட்டினேன். ஒரு ராத்திரி அப்படியே விட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பதால் பழைய போர்வையைப் போர்த்தி வைத்துவிட்டு இறங்கினேன். காலையில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற இவர் மாடிக்குப் போவார். ஆனால் அந்த ரூமுக்குள் போனதே கிடையாது.

வெள்ளிக்கிழமை இரண்டு சக்கரத்தையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு காளவாசலில் போய் இறங்கினேன். தம்பி ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, மாமா சக்கரத்த மட்டும் கழட்டிக் குடுத்து வெரட்டி விட்டுட்டாரா?"

"வாய மூடிக்கிட்டு இதுக்குக் காத்தடி. எல்லாம் நீ பண்ணுன வேலதான்."

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் கொஞ்சம் வாடியது. கேலி பேசுவானே ஒழிய மாமா மேல் அவனுக்கு உயிர். "சும்மா வெளையாட்டுக்குத்தானக்கா சொன்னேன். மாமா அத விட்டுட்டா அப்புறம் நான் யாரத்தான் ஓட்டுறது" என்றான். இதுதான் அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு.

டியூப் இல்லாத டயருக்கு முதல் காற்று ஏற்றுவதுதான் சிரமம். டயரின் ஓரம் ரிம்மில் போய் இறுக்கமாக உட்கார வேண்டும். கைப்பம்பில் அடித்தால் ஏறுகிற காற்று ஏறும்போதே வெளியே போய்விடும். குபீரென்று ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். தம்பி டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொஞ்சம் பெட்ரோல உள்ள தெளிச்சு ஒரு தீக்குச்சியக் கெழிச்சா டப்புன்னு ஒக்காந்துரும். லாரி டயருக்கு அப்படித்தான் பண்ணுவாங்கெ."

"நீ தீக்குச்சிய எடு, உன்னைய நான் கொளுத்துறேன்."

அப்புறம் ஒழுங்காக டயர் ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினான். சைக்கிள் வால்வு வாய் ரொம்பச் சின்னது. பார்சலில் வந்த பித்தளைத் துண்டை அதில் மாட்டி, கம்ப்ரஸர் குழாயை வைத்து அழுத்தினான். டயர் உப்பியது, நெளிந்தது, பிறகு 'டப், டப்' என்று இரண்டு சத்தம். சுற்றிலும் ஒரே சீராக ரிம்மைக் கவ்விக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த ஜாக்கெட்டும் கொடுத்ததில்லை. காற்றை இறக்கி, வால்வு வழியாகச் சீலண்ட்டை ஊற்றி, மறுபடி காற்றேற்றி, நானும் அவனும் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துக் குலுக்கிச் சுழற்றினோம். சாயங்காலத்துக்குள் சைக்கிளில் மாட்டி, சேலையால் மூடியும் விட்டேன். அவர் வந்தார். டீ குடித்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர் கிளம்பியதும் சேலையை விலக்கினேன். பின்சக்கரம் கல் மாதிரி இருந்தது. முன்சக்கரம் தரையில் சப்பையாகக் கிடந்தது.

பம்பை எடுத்துக் காற்றடித்தேன். ஏறியது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் பாதி இறங்கியிருந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி இறங்கியது. விடிந்தால் ஆனையூர்ப் பையன் வந்துவிடுவான். தம்பிக்கு போன் போட்டு, "இப்பவே வா, இல்லாட்டி நாளைக்குக் கறி எடுத்துக்கிட்டு இந்த வாசப்படி ஏறாத" என்றேன். கடையில் இருந்த சின்ன கம்ப்ரஸரை லோடு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

சக்கரம் முழுக்கச் சோப்பு நுரையைத் தடவினான். டயரில் எங்கும் குமிழ் வரவில்லை. கம்பிகள் ரிம்முக்குள் நுழையும் இடத்தில்தான் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது.

"அக்கா, டயரு நல்லாத்தான் இருக்கு. உள்ள டேப்புதான் சரியா ஒட்டல."

"யாரு ஒட்டுனது தெரியுமா அது?"

"நீதான் ஒட்டுன. அதான் சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவன் தலையிலேயே பம்பை இறக்கியிருப்பேன். என் கை பிசகாது. அதை நிரூபிப்பதற்காகவே டயரைப் பிரிக்கச் சொன்னேன். வெள்ளைச் சீலண்ட் வாசல் எல்லாம் வழிந்தது. சுற்றிலும் டேப் நான் ஒட்டியபடியே சுருக்கம் இல்லாமல் இருந்தது. ஆனால் நான் முடித்த இடத்தில் நுனி மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தோடு சேர்த்துப் பிடித்து உரித்தேன். அது ஒட்டவே இல்லை, தானாகக் கையோடு வந்தது.

டேப்பின் அடியில் மஞ்சளாக என்னவோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

"ஏன்டா, கடையில டயருக்குப் பொட்டு வைக்கிற பழக்கத்த இங்கயும் கொண்டாந்தியா?" என்று தம்பி மேல் பாய்ந்தேன்.

"சத்தியமா நான் இல்லக்கா. டயர மாட்டுனதே உன் கண்ணு முன்னாலதான். அதுவும் நான் வச்சா ஒழுங்கா வைப்பேன்ல. இதப் பாரு, யாரோ வெவரம் கெட்ட ஆளு வச்சிருக்கான். குங்குமம் அடியில கெடக்கு."

பார்த்தேன். டேப்போடு வந்தது சந்தனம். அதற்கும் அடியில், நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்த ரிம்மில், சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது குங்குமம். முதலில் குங்குமம், அதன் மேல் சந்தனம்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் ரூமுக்குள்ளும் போயிருக்கிறார். போர்வையை விலக்கி, சக்கரத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, பூஜை ரூமிலிருந்து குங்குமமும் சந்தனமும் எடுத்துப் போய், டேப் நுனியைத் தூக்கி உள்ளே பொட்டு வைத்து மூடிவிட்டு, எதுவுமே தெரியாத மாதிரி என் முன்னால் இட்லி சாப்பிட்டிருக்கிறார். முன்சக்கரத்துக்கு மட்டும். வண்டிக்கு முன்சக்கரத்துக்குத்தானே வைப்போம்.

"அக்கா, அப்ப மாமாவுக்கு இத விட மனசில்ல" என்றான் தம்பி மெதுவாக.

"மனசில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு, மாமாவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு ஆசை இருந்திருந்தால் இந்த மனுஷன் திருட்டுத்தனமாகப் போய்ப் பொட்டு வைத்திருப்பார். ஆனால் ஆசை இருக்கிறது என்பதற்காகச் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளும் இல்லை. நாளைக்கு அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து "ம்" என்பார்.

பொட்டை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அழிக்காமலும் முடியாது. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். அந்தத் துணியைத் தூக்கிப்போட மனசில்லாமல் மடித்து மிஷின் டிராயரில் வைத்தேன். மிச்சம் இருந்த டேப்பைப் புதிதாகச் சுற்றி ஒட்டினேன். தம்பி காற்றேற்றினான். டப், டப். மீதி இருந்த சீலண்ட்டையும் ஊற்றிச் சுழற்றினோம். இந்தத் தடவை சோப்பு நுரையில் ஒரு குமிழ்கூடக் கிளம்பவில்லை.

"காத்து ஏன் எறங்குச்சுன்னு மாமாகிட்ட மூச்சு விட்ட, தொலச்சிருவேன்" என்று சொல்லித்தான் அவனை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விஜய்ஆனந்த் வந்தான். ஒல்லியாக, மரியாதையான பையன். தம்பி கறிப் பையோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். இவர் சேலையை விலக்கிச் சைக்கிளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். காற்று இறங்கவில்லை. பையன் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான். இறங்கியதும் குனிந்து வால்வைப் பார்த்தான், டயரை அழுத்திப் பார்த்தான்.

"சார், டியூப்லெஸ் பண்ணியிருக்கீங்களா? மாமா சொல்லவே இல்லயே. ரொம்ப நீட்டா இருக்கு. எந்தக் கடையில பண்ணுனீங்க?"

"கடையில இல்ல தம்பி. எங்க வீட்டுல பண்ணுனது" என்று என்னைக் கைகாட்டினார் இவர்.

காட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் அவரிடம் சொல்லவே இல்லையே. என் தம்பி வானத்தைப் பார்த்தான். இவர் காது இரண்டும் சிவந்துபோய் ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் புடிச்சிருக்கு சார். இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போகவா?" என்றான் பையன்.

இவர் தலையைத் தூக்கவில்லை. "எடுத்துக்கப்பா" என்றார். கை மட்டும் ஹேண்டில்பாரை விடவில்லை.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. நேராகப் போய் சைக்கிளுக்கும் பையனுக்கும் நடுவில் நின்றேன்.

"ஏங்க, அன்னைக்கு என்ன சொன்னீக? ஞாயித்துக்கெழம யார்கிட்டயாச்சும் குடுத்துருவேன்னுதானே சொன்னீக?"

"ம்."

"என்கிட்ட குடுங்க."

அவர் விழித்தார்.

"சொன்ன சொல்லு மாற வேணாம். இன்னிக்கு ஞாயித்துக்கெழம. என்கிட்ட குடுங்க, இனிமே இது என் சைக்கிளு. நான் வச்சு ஓட்டப் போறதில்ல. தெனமும் காலையில உங்களுக்கு எரவல் தாரேன். ஆனா சும்மா தர மாட்டேன். போயிட்டு வந்து பாத்தது அம்புட்டையும் ஒக்காந்து எனக்குச் சொல்லணும். வாயத் தொறக்கலன்னா மறுநா சைக்கிள் கெடையாது."

தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. இவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அந்தப் பையனைப் பார்த்தார். பிறகு சைக்கிளை என் பக்கம் தள்ளி, ஹேண்டில்பாரை என் இரண்டு கையிலும் வைத்தார். சீர்த்தட்டைக் கொடுப்பது போல அவ்வளவு பவ்வியமாகக் கொடுத்தார்.

"அப்பாடா" என்றான் தம்பி. "மாமா, எருமைய வாங்கலாம்னு நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்."

விஜய்ஆனந்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. காபி கொடுத்து, கொஞ்சம் விவரம் சொன்னதும் சிரித்துவிட்டான். வீணாக அலைய வைத்துவிட்டோமே என்று எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. "பரவால்லக்கா. எங்கிட்ட இன்னொரு பழைய சைக்கிள் இருக்கு. அதுக்கு இதே மாதிரி நீங்க டேப் ஒட்டித் தரணும்" என்றான். தாராளமாகக் கொண்டுவா என்றேன்.

அவன் போனதும் சைக்கிளை இவரிடம் கொடுத்தேன். "மொத எரவல். கறி வேகுறதுக்குள்ள வந்துருங்க." அவர் ஏறி மிதித்துத் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது ஓட்டிக்கொண்டே வந்தார். சைக்கிளைத் திருப்பி முன்டயரைக் காட்டினார். கருவேல முள் ஒன்று அடிவரை ஏறி ஒடிந்திருந்தது. அதைச் சுற்றிப் பால் பொட்டு மாதிரி ஒரு சொட்டு வெள்ளை கசிந்து காய்ந்திருந்தது. டயர் அப்படியே விறைப்பாக இருந்தது. கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தம்பி கறியை ருசி பார்க்கிறேன் என்று அடுப்படியிலேயே நின்றான். நான் எதிரில் உட்கார்ந்தேன். வாடகை வசூலிக்க வேண்டுமே.

கிடா இன்றைக்குப் பாதையில் இல்லையாம், கரை ஓரம் ஒதுங்கிப் படுத்திருந்ததாம். வாத்துக்காரர் குடையை மாற்றிவிட்டாராம், இப்போது பூப்போட்ட குடையாம். தண்ணீர் குறைந்துவிட்டதால் கூழைக்கடாக்கள் நடுவில் போய்க் கூட்டமாக நிற்கின்றனவாம். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஈஸ்வரி, வெள்ளிக்கெழம நான் மாடி ரூமுக்குப் போனேன்."

"அப்படியா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"அந்த டேப்ப அம்புட்டு அழகா ஒட்டியிருந்த. அதுக்குள்ள ஒரு பொட்டு வச்சேன். சைக்கிளுக்கு இல்ல. நீ மொத மொத இந்த வேல பாக்குறேல்ல. உன் மிஷினுக்கு வைக்கிறாப்புல, உன் வேல நல்லா வரணும்னு வச்சேன்."

இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் எனக்காகப் பேசிய நீளமான பேச்சு அதுதான். அடுப்படியில் தம்பி கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அவனைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு குழம்புச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இவர் எதையும் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே, முகமெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

"அந்தப் பொட்டு உள்ள இருக்குறதுனாலதான் பாரு, முள்ளு குத்தியும் காத்து கொஞ்சங்கூட எறங்கல."

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ம்" என்றேன்.